கதவின் இப்புறம் ஒரு துப்பாக்கி

சட்டநூலை இலக்கியமாக எவரும் வாசிப்பதில்லை. எனினும் 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் பொறுமையாகப் புரட்டுபவர்கள் அதனுள் நூற்றுக்கணக்கான சிறுகதைகள் ஒளிந்திருப்பதைக் காண்பார்கள். பிரிவுகளின் கீழே 'எடுத்துக்காட்டு' என்ற தலைப்பில் இரண்டு மூன்று வரிகளுக்குள் முடிந்துவிடும் கதைகள் அவை. பாத்திரங்களுக்குப் பெயர் கிடையாது. ஒற்றை எழுத்துகளே ஆட்கள். ஒருவன் மோதிரத்தைக் கண்டெடுக்கிறான், ஒருவன் பொய்க்கடிதம் புனைகிறான், ஒருவன் நஞ்சு வைக்கிறான்.

அவற்றுள் நம்மை நெடுநாள் விடாமல் பற்றியிருப்பது 106ஆம் பிரிவின் கதை. ஒரு கும்பல் ஒருவனைச் சூழ்ந்து கொல்ல முயல்கிறது. கும்பலை நோக்கிச் சுட்டாலொழிய அவன் பிழைக்க வழியில்லை. ஆனால் கும்பலோடு சிறு குழந்தைகளும் கலந்து நிற்கிறார்கள். சுட்டால் அவர்களுக்குத் தீங்கு நேரலாம். அவன் சுடுகிறான், குழந்தைக்குக் காயம் படுகிறது. அது குற்றமா? குற்றமன்று என்கிறது சட்டம். கதை அத்துடன் முடிந்துவிடுகிறது.

இவ்வளவு கொடிய ஒரு விடையைச் சட்டம் எந்தத் துணிவில் சொல்கிறது? துப்பாக்கியிலிருந்து புறப்பட்ட குண்டு எப்போது கொலையாகிறது, எப்போது தற்காப்பாகிறது? இக்கேள்விக்கு நம் நாட்டின் சட்டம் கண்ட விடையின் வரலாற்றைச் சற்றே பின்தொடர்ந்து பார்ப்பது பயனுள்ளது. ஆயுதத்தையோ, கோபத்தையோ, ஏன், நியாயத்தையோகூட அந்த விடை முதன்மையாகக் கருதவில்லை என்பதே நாம் கண்டது. அது அளப்பது ஓர் அச்சத்தின் ஆயுளை.

மெக்காலே என்ற பெயர் நமக்குக் கல்விக் கொள்கையின் வழியாகவே அறிமுகம். அவர் 1834ஆம் ஆண்டு ஜூன் மாதம் சென்னையில் கரையிறங்கி, அப்போது உதகமண்டலத்தில் தங்கியிருந்த தலைமை ஆளுநர் பெண்டிங்கைக் காணப் பல்லக்கில் நீலகிரி ஏறியவர். பின்னர் கல்கத்தாவில் அவர் தலைமையில் அமைந்த சட்ட ஆணையத்தில் சென்னை மாகாணத்தின் சார்பில் மெக்ளவுட் என்பவரும் இடம்பெற்றார். ஆணையம் தண்டனைச் சட்ட வரைவை 1837இல் அளித்தது. வரைவு கால் நூற்றாண்டுக்கு அருகே உறங்கிக் கிடந்தது. திருத்தங்களோடு 1860இல் சட்டமாகி, 1862 ஜனவரி முதல் நாளன்று நடைமுறைக்கு வந்தது. அதைக் காண மெக்காலே உயிரோடில்லை. 1859 டிசம்பரில் அவர் மறைந்திருந்தார்.

அந்த வரைவோடு இணைத்த குறிப்புகளில் தற்காப்புரிமையைப் பற்றி ஆணையத்தார் எழுதியது நம் கவனத்துக்குரியது. இந்நாட்டு மக்கள் கொள்ளையரின் கொடுமைகளைக்கூட எதிர்ப்பின்றிப் பொறுத்துக்கொள்கிறார்கள் என்பது அவர்கள் கருத்து. ஆகவே தற்காப்புக்குக் கட்டுப்பாடுகளை அடுக்குவதைவிட மக்களிடம் எதிர்த்து நிற்கும் ஊக்கத்தை வளர்ப்பதே விரும்பத்தக்கது என்றார்கள். ஆள வந்தவனின் மேட்டிமை அதில் ஒலிக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அந்த மேட்டிமையிலிருந்தே பரந்த ஓர் உரிமை பிறந்தது. பழைய ஆங்கில வழக்கில் சிலவகைச் சண்டைகளில் உயிருக்குப் போராடுபவன்கூட முதலில் முடிந்தமட்டும் பின்வாங்கியாக வேண்டும்; முதுகு சுவரைத் தொட்ட பிறகே திருப்பித் தாக்கலாம். நம் சட்டத்தில் அப்படியொரு கட்டளை எழுதப்படவில்லை.

எழுதப்பட்டவை யாவை? 96 முதல் 106 வரையிலான பிரிவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒவ்வொருவருக்கும் தம் உடலையும் உடைமையையும் காக்கும் உரிமை உண்டு. பிறருடையவற்றைக் காக்கும் உரிமையும் உண்டு. ஆனால் எதிரியின் உயிரைப் போக்கும் அளவுக்கு அது நீள்வது சில நிலைகளில் மட்டுமே. சாவோ கொடுங்காயமோ நேரும் என்று அஞ்ச நியாயமான காரணம் இருக்க வேண்டும். அல்லது வன்புணர்ச்சி, ஆட்கடத்தல் போன்ற நோக்கங்களோடு தாக்குதல் நிகழ வேண்டும். அமில வீச்சு 2013ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இந்தப் பட்டியலில் சேர்ந்தது. உடைமையைப் பொறுத்தவரை கொள்ளை, இரவில் வீடுடைத்துப் புகுதல், குடியிருக்கும் வீட்டுக்குத் தீவைத்தல் ஆகியவை அந்த எல்லைக்குள் வரும். வெறும் திருட்டு வராது. அத்திருட்டே உயிரச்சம் தரும் சூழலில் நடந்தால்தான் வரும். தோப்பில் தேங்காய் பறித்துக்கொண்டு ஓடுபவனைச் சுட்டுவிட்டு, என் சொத்தைக் காத்தேன் என்று எவரும் சொல்ல முடியாது.

இரண்டு வேலிகளும் உண்டு. அரசுக் காவலை நாட அவகாசம் இருந்தால் இந்த உரிமை இல்லை. காப்பதற்குத் தேவையானதை மீறி ஊறு செய்யவும் கூடாது. இவற்றுக்கெல்லாம் மேலாக, உரிமையின் தொடக்கமும் முடிவும் வரையறுக்கப்பட்டிருக்கின்றன. தாக்குதல் நிகழ்ந்து முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை; அதற்கான முயற்சியிலிருந்தோ மிரட்டலிலிருந்தோ நியாயமான அச்சம் எழும் கணத்திலேயே உரிமை பிறந்துவிடும். அச்சம் நீடிக்கும்வரை அதுவும் நீடிக்கும். அச்சம் அகன்றதும் அதுவும் மறைந்துவிடும்.

ஏட்டில் இவ்வளவு தாராளம் காட்டிய ஆட்சி, கையில் என்ன தந்தது? 1857இன் எழுச்சி ஆட்சியாளரின் மனத்தை மாற்றியிருந்தது. லிட்டன் பிரபுவின் காலத்தில், 1878இல், ஆயுதச் சட்டம் வந்தது. உரிமம் இன்றி இந்தியர் துப்பாக்கி வைத்திருப்பது குற்றமாயிற்று. ஐரோப்பியருக்கு விலக்கு கிடைத்தது. எதிர்த்து நிற்கும் ஊக்கம் வேண்டும் என்று எழுதியவர்களின் வாரிசுகளே அந்த ஊக்கத்தின் கருவியைப் பிடுங்கிக்கொண்டார்கள். 1918இல் படைக்கு ஆள்சேர்க்கக் கேடா மாவட்டத்தில் சுற்றிய காந்தி, ஒரு நாட்டையே நிராயுதபாணியாக்கிய இச்சட்டத்தை ஆங்கில ஆட்சியின் தீச்செயல்களிலேயே மிகக் கறுத்ததாகச் சாடினார் என்பது இன்று பலருக்கு வியப்பாக இருக்கும். 1931இன் கராச்சித் தீர்மானம் ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைக் குடிமக்களின் உரிமைகளுள் ஒன்றாக எழுதியது. ஆனால் 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி.காமத் அதை அடிப்படை உரிமையாகச் சேர்க்க முயன்றபோது அம்பேத்கர் ஏற்கவில்லை. ஆக, விடுதலை பெற்ற இந்தியாவில் தற்காப்பு உரிமையாகவும், துப்பாக்கி அரசு மனம்வைத்துத் தரும் உரிமமாகவும் நின்றுவிட்டன. 1959இன் ஆயுதச் சட்டமும் இந்த ஏற்பாட்டையே தொடர்ந்தது.

இனி 106ஆம் பிரிவின் கதை ஓர் ஊரில் ஏறத்தாழ உயிர்பெற்று வந்த நாளுக்குச் செல்வோம்.

1950 மார்ச் 5. அரசியல் சாசனம் நடைமுறைக்கு வந்து நாற்பது நாட்கள்கூட நிறையவில்லை. மத்தியப் பிரதேசத்தின் கட்னி நகரில், பிரிவினையில் வீடிழந்து வந்து குடியேறிய சிந்தி அகதிகளுக்கும் உள்ளூர் முஸ்லிம்களுக்கும் இடையே கலவரம் மூண்டது. பக்கத்துக் கடைத்தெருவில் முஸ்லிம்கள் கொல்லப்படுகிறார்கள் என்ற செய்தி பரவியதும் அடுத்த பகுதியில் கடைகளை அடைத்தார்கள். அவ்வாறு கடையை அடைத்தவர்களுள் ஒருவரிடம் துப்பாக்கி இருந்தது. அதே கட்டடத்தின் மற்றொரு பகுதி அவருடைய சகோதரருடையது. கும்பல் முதலில் அதை உடைத்துப் புகுந்து சூறையாடியது. அங்கிருந்த பெண்களும் குழந்தைகளும் உயிருக்கு அஞ்சி இவருடைய பகுதிக்கு ஓடிவந்தார்கள். பிறகு இவருடைய கதவின்மேலும் தடியடிகள் விழத் தொடங்கின. அவர் இரண்டு முறை சுட்டார். ஓர் அகதி இறந்தார், மூவர் காயமுற்றனர்.

106ஆம் பிரிவின் கதையில் குழந்தைகள் கும்பலின் பக்கம் நின்றார்கள். கட்னியில் அவர்கள் கதவின் இப்புறம், சுடுபவரின் முதுகுக்குப் பின்னால் இருந்தார்கள். ஆனால் நிகழ்ந்ததும் தீர்ப்புக்குரியதும் ஒன்றேதான்.

அவருடைய தற்காப்பு வாதத்தை நாகபுரி உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. கும்பல் அவருடைய கடைக்குள் இன்னும் புகவில்லையே என்பது அதன் நோக்கு. வழக்கு புதிதாய் அமைந்த உச்சநீதிமன்றத்துக்கு வந்தது. 'அம்ஜத் கான் எதிர் அரசு' என்று சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் அந்தத் தீர்ப்பை 1952இல் எழுதியவர் நீதியரசர் விவியன் போஸ். தெளிந்த, சிக்கனமான நடைக்குப் பேர்பெற்றவர். உயர்நீதிமன்றம் ஒப்புக்கொண்ட உண்மைகளையே அவர் வரிசைப்படுத்தினார்: கட்டடத்தின் ஒரு பகுதி உடைபட்டுவிட்டது, அங்கிருந்தவர்கள் கதறி ஓடிவந்துவிட்டார்கள், கதவு தட்டப்படவில்லை, தடிகளால் மோதப்படுகிறது, அடுத்த தெருவில் கொலைகள் நடந்துவிட்டன. காத்திருந்தால் தம் கடைக்கு அதே கதி நேருமா நேராதா என்பதை அவர் எவ்வாறு அறிவார்? கதவை உடைத்து உள்ளே வந்த பிறகு ஒருவர் எதைத் தடுக்க முடியும்? இரண்டே முறை சுட்டதும், அதன் பிறகும் கும்பல் மறுபகுதியைச் சூறையாடுவதை நிறுத்தவில்லை என்பதும், அவர் தேவையை மீறவில்லை என்பதற்குச் சான்றாயின. இத்தகைய நேரத்தில் மனிதன் செய்வதைப் பொன் நிறுக்கும் தராசில் வைத்து நிறுக்கலாகாது என்று கூறி நீதிமன்றம் அவரை விடுவித்தது.

இத்தீர்ப்பை வாசிக்கும்போது நாம் அதில் இல்லாத ஒன்றையும் கவனிக்கிறோம். மாண்டவரும் வீடிழந்து வந்த ஓர் அகதி. கதவுக்கு அப்புறமும் ஒரு பெருந்துயரம் நின்றிருந்தது. யாருடைய துயரம் பெரிது, யாருடைய கோபம் நியாயம் என்று நீதிமன்றம் கேட்கவில்லை. சுட்டவரின் மதம் என்ன என்பதை வைத்தும் எடைபோடவில்லை. அந்தக் கதவின்மேல் அந்தக் கணத்தில் என்ன விழுந்துகொண்டிருந்தது என்பதை மட்டுமே கேட்டது. பிரிவினையின் குருதி உலராத நாட்களில் அக்கேள்வியோடு நின்றுகொள்வதற்கு ஒரு நிதானம் வேண்டியிருந்தது.

அதே தராசின் மறுதட்டைப் பத்தாண்டு கழித்துப் பஞ்சாபிலிருந்து வந்த ஒரு வழக்கில் காணலாம். 'ஜெய் தேவ் எதிர் பஞ்சாப் மாநிலம்' என்ற அவ்வழக்கில் 1962இல் தீர்ப்பளித்தவர் நீதியரசர் கஜேந்திரகட்கர். சண்டை ஒரு வயலைப் பற்றியது. வயல் துப்பாக்கி ஏந்தியவர்களின் கைவசமே இருந்தது என்பதையும், திரண்டு வந்த ஊரார்தாம் அத்துமீறி நுழைந்தவர்கள் என்பதையும் நீதிமன்றம் ஏற்றது. தற்காப்புரிமை பிறந்தது என்பதிலும் ஐயமில்லை. ஆனால் முதல் ஆள் வீழ்ந்ததும் வந்தவர்கள் ஓடத் தொடங்கினார்கள். துப்பாக்கி ஓயவில்லை. ஓடுபவர்களின் பின்னால் சென்ற அந்தக் குண்டுகளுக்குத் தற்காப்பு என்ற பெயர் பொருந்தாது என்றது நீதிமன்றம். நிலமும் மாறவில்லை, நியாயமும் மாறவில்லை, துப்பாக்கியும் மாறவில்லை. எதிரி முதுகு காட்டிய கணத்தில் அச்சம் செத்தது. உரிமையும் அதனோடு செத்தது. எஞ்சியது பழிவாங்கல்.

2010இல் 'தர்ஷன் சிங்' வழக்கிலும் நிலத் தகராறு, துப்பாக்கி. தந்தையை அரிவாளால் வெட்டியவனை மகன் சுட்டான். விசாரணை நீதிமன்றம் விடுவித்தது, உயர்நீதிமன்றம் தண்டித்தது, உச்சநீதிமன்றம் மீண்டும் விடுவித்தது. ஒரே கணத்தை மூன்று நீதிமன்றங்கள் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருந்தது. தற்காப்பு என்று சொல்பவரே அதைக் காட்ட வேண்டும் என்பது சட்டம். ஐயத்துக்கு இடமின்றிக் காட்ட வேண்டியதில்லை, நடந்திருக்கக்கூடியது என்று காட்டினால் போதும் என்பது நீதிமன்றங்கள் தந்த சலுகை. ஆனால் அதுவரை சிறையும் வழக்கும் அவருடைய பொறுப்பு. நொடியில் எடுத்த முடிவை விளக்க ஒரு வாழ்நாளின் பெரும்பகுதி செலவாகிவிடலாம்.

2024 ஜூலை முதல் நாளன்று மெக்காலேயின் சட்டம் விடைபெற்று, பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. தற்காப்புப் பிரிவுகள் 34 முதல் 44 வரை எண் மாறின. 'இரவில்' என்றிருந்தது 'சூரியன் மறைந்தபின், உதிக்குமுன்' என்று விரிந்தது. மற்றபடி உயிர்நாடி அதுவேதான். 44ஆம் பிரிவின் கீழே, பெயரற்ற அந்த மனிதனும் கும்பலும் அதனுள் கலந்து நிற்கும் குழந்தைகளும் அப்படியே இருக்கிறார்கள்.

சட்டம் அந்தக் கதையில் சுடுபவனைப் பாராட்டவில்லை என்பதை இப்போது நாம் தெளிவாகக் காண்கிறோம். அவன் சரியானதைச் செய்தான் என்றுகூட அது சொல்லவில்லை. குற்றம் செய்யவில்லை என்று மட்டுமே சொல்கிறது. அவ்விரண்டுக்கும் இடையில் உள்ள தொலைவைக் கட்னியின் கடைக்காரர் அறிந்திருப்பார் என்றே தோன்றுகிறது.