அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளில் கணினி முறைமைப் பகுப்பாய்வுக் கல்வி

கணினி முறைமைப் பகுப்பாய்வு என்பது, ஓர் அலுவலகத்தில் வேலை எவ்வாறு நடைபெறுகிறது என்பதை ஆராய்ந்து, அதற்கேற்ற கணினி முறைமையைத் திட்டமிடும் துறையாகும். அமெரிக்காவில் இத்துறை பல்கலைக்கழகங்களில் மட்டுமன்றி, இரண்டாண்டுச் சமுதாயக் கல்லூரிகளிலும் கற்பிக்கப்படுகிறது. வேலைக்குச் சென்றுகொண்டே படிப்போருக்கு இத்துறையின் கதவைத் திறந்தவை இக்கல்லூரிகளே.

சமுதாயக் கல்லூரிகளின் தோற்றம்

1901ஆம் ஆண்டு இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில், உயர்நிலைப் பள்ளிக் கல்வியின் தொடர்ச்சியாக 6 மாணவர்களுடன் ஓர் இளநிலைக் கல்லூரி தொடங்கப்பட்டது. இன்றும் இயங்கிவரும் அக்கல்லூரியே அமெரிக்காவின் மிகப் பழைய அரசுச் சமுதாயக் கல்லூரியாகக் கருதப்படுகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1944ஆம் ஆண்டுச் சட்டத்தின் உதவியால் முன்னாள் படைவீரர்கள் பெருமளவில் கல்லூரிகளில் சேர்ந்தனர். குடியரசுத் தலைவர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு, நாடெங்கும் சமுதாயக் கல்லூரிகளைப் பெருக்க வேண்டும் என 1947இல் பரிந்துரைத்தது.

கணினியின் வருகை

1951இல் யுனிவாக் கணினி அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகத்துக்கு வழங்கப்பட்டது. 1954இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் லூயிவில் நகரத் தொழிற்சாலையின் சம்பளக் கணக்குக்குக் கணினியைப் பயன்படுத்தியது. 1959இல் ஐபிஎம் 1401 அறிவிக்கப்பட்ட பின், நடுத்தர நிறுவனங்களும் கணினியை வாடகைக்குப் பெற முடிந்தது. ஆனால், அதை இயக்கப் பயிற்சி பெற்றோர் போதவில்லை. ஸ்புட்னிக் ஏவப்பட்ட மறு ஆண்டு, 1958இல், இயற்றப்பட்ட தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டமும், 1963ஆம் ஆண்டுத் தொழிற்கல்விச் சட்டமும் தொழில்நுட்பப் பயிற்சிக்கு நிதி அளித்தன. சமுதாயக் கல்லூரிகளில் தரவுச் செயலாக்கப் பாடங்கள் பரவின.

பாடத்தின் இயல்பு

கணக்குப்பதிவியல், கோபோல் நிரல்மொழி ஆகியவற்றுடன் முறைமைப் பகுப்பாய்வும் கற்பிக்கப்பட்டது. சம்பளப் பட்டியலை எடுத்துக்கொண்டால், வருகைச் சீட்டை நிரப்புபவர் யார், சரிபார்ப்பவர் யார், பிடித்தம் எந்தக் கட்டத்தில் செய்யப்படுகிறது என்பவற்றை முதலில் கேட்டறிய வேண்டும். பிறகே அவற்றைப் பாய்வுப்படமாக வரைந்து நிரலரிடம் ஒப்படைக்க முடியும். கேட்க மறந்த ஒரு கேள்வி, முறைமை முழுவதும் அமைந்த பின் பெருஞ்செலவாக மாறும். 1970களின் இறுதியில் டாம் டிமார்கோ போன்றோரின் நூல்கள் வழியாகத் தரவுப் பாய்வு வரைபடங்கள் பரவலாயின.

வாய்ப்பும் தடையும்

மாலை வகுப்புகளும் குறைந்த கட்டணமும் எழுத்தர்களுக்கும் துளையட்டை இயக்குநர்களுக்கும் இக்கல்வியை எட்டச் செய்தன. அலுவலக நடைமுறையை நாள்தோறும் கையாண்ட அவர்களுக்கு, அந்த அனுபவமே பகுப்பாய்வில் துணை நின்றது.

எனினும், சுமார் 60 மதிப்பலகுகள் கொண்ட இணைப் பட்டம் மட்டும் போதாது என்று பல நிறுவனங்கள் கருதின. பகுப்பாய்வாளர் பதவிக்கு நான்காண்டுப் பட்டம் கேட்டன. இதனால் பலர் இயக்குநராகவோ நிரலராகவோ பணியில் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தனர். வேறு சிலர் பல்கலைக்கழகத்துக்கு மாறிப் படிப்பைத் தொடர்ந்தனர். அப்போது முன்பு பெற்ற மதிப்பலகுகள் அனைத்தும் ஏற்கப்படாமல் போவதும் உண்டு. வேலைக்கு நேராகச் செல்லும் படிப்பா, மேற்படிப்புக்கான படிக்கட்டா என்ற இக்கேள்வி சமுதாயக் கல்லூரிகளில் இன்றும் தொடர்கிறது.