பாயின்ட் வண்டியும் இக்னைட்டர் வண்டியும்: கரண்ட் வந்து வந்து போகும் கோளாறு

வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம் என்று நீளும் தோல் ஊர்களின் பெரிய லாரிகளில் பிளக்கும் இல்லை, காயிலும் இல்லை. 1954இல் டாடா-மெர்சிடஸ் லாரி வந்தது. 1955இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறிய சென்னைக் கம்பெனியும் சேர்ந்துகொண்டது. அதற்குப் பின் பாரவண்டிகள் மெல்ல மெல்ல டீசலுக்கு மாறிவிட்டன. பிளக்கில் கரண்ட் வராத தொல்லை இன்று மிஞ்சியிருப்பது பழைய பெட்ரோல் வண்டிகளில். பின்பக்கம் தொட்டி கட்டிய ஜீப், ஷூவின் மேல்தோல் கட்டுகளைக் கம்பெனிக்குக் கொண்டுபோகும் வயதான வேன், இந்த மாதிரி வண்டிகள்.

இவற்றில் இரண்டு வகை உண்டு. ஒன்று டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயின்ட்டும் கண்டன்சரும் கொண்டது. இன்னொன்றில் பாயின்ட்டுக்குப் பதிலாகப் பிக்கப் காயிலும் இக்னைட்டரும் இருக்கும். இரண்டும் செய்வது ஒரே வேலை. காயிலின் முதல் சுற்றில் ஓடும் 12 வோல்ட் மின்சாரத்தைச் சட்டென்று அறுத்தால், இரண்டாம் சுற்றில் 20,000 வோல்ட் அளவுக்கு எழும்பி பிளக்கில் பொறியாகப் பாயும். அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங் 1910 வாக்கில் கார்களுக்குக் கொண்டுவந்த ஏற்பாடு இது. அறுக்கும் கை மட்டும்தான் மாறியிருக்கிறது. ஆனால் கோளாறு தலைகாட்டும் விதமும், அதைப் பிடிக்கும் விதமும் அந்தக் கையைப் பொறுத்தே மாறுகின்றன.

பட்டறையில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: “பாய், காலையில செல்ஃப் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, பத்தவே இல்ல.” “இப்ப எடுக்குதா தம்பி?” “இப்ப ஒழுங்கா எடுக்குது.” இந்த நேரத்தில் எதைக் கழற்றினாலும் வீண். வண்டி மக்கர் பண்ணும்போது சோதித்தால்தான் விடை கிடைக்கும். அதனால் டிரைவர் கையில் ஒரு டெஸ்ட் லேம்ப் இருப்பது நல்லது. முதலில் காயிலின் பிளஸ் முனையில் வைத்து, கரண்ட் வந்து சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு மைனஸ் முனைக்கும் எர்த்துக்கும் நடுவே வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். விளக்கு மினுக்கினால் அறுக்கும் கை வேலை செய்கிறது என்று பொருள். அப்படியிருந்தும் பிளக்கில் பொறி இல்லையென்றால் காயில், கேப், ரோட்டார், ஒயர் பக்கம் போகலாம். மினுக்காமல் எரிந்துகொண்டே இருந்தாலோ, எரியாமலே இருந்தாலோ குற்றம் பெரும்பாலும் அறுக்கும் இடத்தில். இதுவரை இரண்டு வண்டிக்கும் ஒரே வழி. இதற்கு மேல் பிரிகிறது.

பாயின்ட் வண்டியில் கோளாறைக் கண்ணால் பார்க்க முடியும். கேப்பைத் திறந்து, எஞ்சினைக் கையால் சுற்றி, பாயின்ட் விரியும் இடத்தில் நிறுத்திப் பார்த்தால் ஒரு முகத்தில் குழி, எதிர் முகத்தில் மேடு. உலோகம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் குடிபோயிருக்கிறது. கண்டன்சர் பொருந்தவில்லை அல்லது செத்துக்கொண்டிருக்கிறது என்பதன் அடையாளம் அது. இடைவெளி பொதுவாக 0.4 மி.மீ. சுற்று வட்டாரத்தில் இருக்க வேண்டும். தேய்ந்து குறைந்திருந்தால் சில தடவை அறுக்கும், சில தடவை அறுக்காது. இன்னும் நுட்பமான ஒன்று, பாயின்ட் தட்டை டிஸ்ட்ரிபியூட்டர் உடலோடு சேர்க்கும் பின்னல் எர்த் ஒயர். வாக்குவம் இழுக்க இழுக்கத் தட்டு நகர்ந்து, அந்தப் பின்னல் இழை இழையாக அறும். கடைசி இரண்டு மூன்று இழையில் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்.

இக்னைட்டர் வண்டியில் கண்ணுக்கு எதுவும் படாது. பிக்கப் காயிலின் ஒயரும் அதே தட்டோடு ஆடுகிறது. ஆனால் தோல் அப்படியே இருக்க உள்ளே செம்பு மட்டும் அறுந்திருக்கும். மீட்டர் வைத்தால் சரியாகக் காட்டும்; ஒயரை விரலால் வளைத்தபடி வைத்தால் முள் விழும். இக்னைட்டர் சூட்டில் மயங்கி, ஆறினால் எழும் சாதனம். ஹேர் டிரையரால் சூடேற்றி, கோளாறை வலிய வரவழைத்தே பிடிக்க வேண்டும். சூட்டில் நின்றதும் இக்னைட்டரைக் குற்றம் சொல்லிவிடவும் கூடாது. காயிலும் அப்படித்தான் நடந்துகொள்ளும். பாயின்ட் வண்டியில் செய்வதுபோலப் பெரிய ஒயரைப் பிடுங்கி அந்தரத்தில் தொங்கவிட்டு செல்ஃப் அடித்தால் இக்னைட்டரே போய்விடலாம். எர்த்தில் அழுத்திய பழைய பிளக்கை மாட்டித்தான் பொறி பார்க்க வேண்டும். பேட்டரி சோர்ந்தாலும் பாயின்ட் வண்டி மங்கிய பொறியாவது தரும். இக்னைட்டருக்குக் குறைந்தபட்ச வோல்ட்டும் சுற்றும் வேகமும் வேண்டும்; இல்லாவிட்டால் ஒன்றுமே தராது.

‘மாத்திப் பாப்போம்’ என்ற பழக்கம் பாயின்ட் காலத்தில் நியாயமாக இருந்தது. பொருள் மலிவு, மாற்றியதும் தெரிந்துவிடும். இக்னைட்டர் வண்டியில் அதே பழக்கம் வண்டிக்காரர் பணத்தைக் கரைக்கிறது. புது இக்னைட்டர் போட்டதும் வண்டி எடுக்கும். மாற்றும்போது கனெக்டரைக் கழற்றி மாட்டியதால்தான் எடுத்திருக்கும்; சில நாளில் மறுபடி நிற்கும். சோதிக்காமல் இக்னைட்டர் மாற்றுவதை நான் தவறென்றே சொல்வேன்.

இந்த ஊர்களில் கனெக்டரையும் எர்த்தையும் முதலில் சந்தேகிக்கக் காரணம் உண்டு. பச்சைத்தோல் உப்பிட்டு வருகிறது. ஏற்றிய வண்டியின் தரையிலிருந்து உப்புநீர் சேசிஸில் இறங்கி, எர்த் ஒயர் மாட்டிய போல்ட்டை அரிக்கும். காய்ந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுப்பதால், பனி விழும் மார்கழிக் காலையில் கேப்பின் மேல் படிந்த உப்புப் படலம் பெரிய கரண்டைப் பக்கவாட்டில் கசியவிடும்; வெயில் ஏறினால் சரியாகிவிடும். தோலில் முடி நீக்க சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போடுகிறார்கள். அதில் அமிலம் கலந்தால் எழும் ஹைட்ரஜன் சல்பைடு செம்பைக் கருக்க வைக்கும். தோல் ஊறும் தொட்டி ஓரமே நிற்கும் வண்டியின் செம்பு முனைகளைக் கழற்றிப் பாருங்கள். கருத்த முனை ஒரு ஆட்டத்தில் ஒட்டும், அடுத்த ஆட்டத்தில் விலகும்.

இதில் அதிகம் அடிபடுவது இக்னைட்டர் வண்டி. பிக்கப் காயில் மெதுவான சுற்றில் தருவது மிகச் சிறிய மின்னழுத்தம். கருத்த முனை அதைத் தின்றுவிடும். பாயின்ட் வண்டியில் ஓடும் சில ஆம்பியர் மின்சாரம் அதே முனையைச் சமாளித்துக் கடந்துவிடக்கூடும். ஆனால் எர்த் கெட்டால் இரண்டும் ஒன்றுதான். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மறு முனையை எஞ்சின் உடம்பிலும் வைத்து செல்ஃப் அடித்தால், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் போல்ட்டைக் கழற்றி, உலோகம் பளிச்சென்று தெரியத் தேய்த்து, கிரீஸ் பூசி முடுக்கிவிட்டு மறுபடி அளக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பில் கை வைப்பது அதற்கப்புறம்.