நடுகல்லும் உதிரப்பட்டியும்: ஜொகூர் பட்டாளத்துக்காரர்களுக்கு நாம் பட்ட கடன்

கொஞ்சம் நீண்ட பதிவுதான். பொறுமையா படிங்க, முடிஞ்சா வீட்டுப் பெரியவங்களுக்கும் வாசிச்சுக் காட்டுங்க.

ஜூலை 31 நம்ம நாட்டில் ஹரி பஹ்லவான், அதாவது வீரர்கள் தினம். 1948-ல் தொடங்கிய அவசரகாலம் 1960-ல் இதே தேதியில்தான் முடிவுக்கு வந்தது. இந்த நாளை ஒட்டி நம்ம வட்டாரத்து முன்னாள் பட்டாளத்துக்காரர்களைக் கோயிலுக்கு அழைத்து, அவர்கள் பெயருக்கு அர்ச்சனை செய்து, மாலை போட்டு, அன்னதானம் கொடுக்கிறோம். அப்போதெல்லாம் யாராவது ஒருத்தர் தவறாமல் கேட்பார்: "கோயிலுக்கும் பட்டாளத்துக்கும் என்னங்க சம்பந்தம்? இதெல்லாம் அரசாங்கம் பார்க்க வேண்டிய வேலையாச்சே?"

நியாயமான கேள்விதான். இந்தப் பதிவே அதற்குப் பதில்.

நம்ம தோட்டத்துக் கோயில்களை நினைச்சுப் பாருங்க. எல்லையில் மதுரை வீரன் வாளோடு நிற்கிறார், முனீஸ்வரர் காவல் இருக்கிறார். ஊரைக் காத்தவனைக் கல்லாக நட்டுக் கும்பிடுவது தமிழர்களுக்கு நேற்று வந்த பழக்கம் இல்லை. தொல்காப்பியமே அதை ஆறு படியாகச் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து. கல்லைத் தேடிப் பார்ப்பதில் தொடங்கி, நீராட்டி, நட்டு, படையல் வைத்து வாழ்த்துவது வரைக்கும் முறை இருந்தது.

திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் வட்டாரத்தில் இப்படிப்பட்ட நடுகற்கள் நிறைய உண்டு. மாடு கவர வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவர்களுக்கு ஊர்க்காரர்கள் நட்ட கற்கள்தான் அவற்றில் பல. எடுத்தனூரில் ஒரு கல் இருக்கிறது, மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. வீரனின் பெயரோடு, அவன் பக்கத்தில் நின்று இரண்டு கள்ளர்களைக் கடித்த நாயின் பெயரும் அதில் வெட்டப்பட்டிருக்கிறது. கோவிவன். 1,400 வருஷம் கழித்து இன்னிக்கு நாம அந்த நாயின் பெயரைச் சொல்றோம்னா, அன்றைக்கு அந்த ஊர் பெயரை விடாமல் எழுதி வைத்ததுதான் காரணம்.

இதில் இன்னொரு பாதியைப் பலரும் மறந்துவிடுகிறோம். கல் நட்டதோடு ஊர் கை கழுவிவிடவில்லை. செத்தவன் குடும்பத்துக்கு நிலம் கொடுத்தார்கள். அந்த மானியத்துக்கு உதிரப்பட்டி என்று பெயர். நெய்த்தோர்ப்பட்டி என்றும் சொல்வார்கள். உதிரம், நெய்த்தோர் இரண்டுமே ரத்தம்தான். ரத்தம் சிந்தியவனுக்குக் கல், அவன் வீட்டுக்குச் சோறு. மரியாதை என்றால் இந்த இரண்டும் சேர்ந்ததுதான்.

இந்தக் கணக்கை வைத்து நம்ம ஜொகூரைப் பார்ப்போம்.

1942 ஜனவரி. ஜப்பானியப் படை வடக்கிலிருந்து இறங்கி ஜொகூருக்குள் நுழைகிறது. மூவார் ஆற்றைக் காக்க நிறுத்தப்பட்டது 45-ஆவது இந்திய பிரிகேட். ராஜ்புதானா ரைபிள்ஸ், ஜாட், கர்வால் ரைபிள்ஸ் என்று மூன்று பட்டாலியன். புதுசாகத் திரட்டிய படை. மத்தியக் கிழக்கின் பாலைவனப் போருக்கென்று உருவாக்கியவர்களை மலாயா காட்டில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பயிற்சிகூட முழுசா முடியாத இளைஞர்கள். எதிரில் வந்ததோ ஜப்பானின் இம்பீரியல் கார்ட்ஸ் டிவிஷன்.

ஒரு வாரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. பிரிகேட் தளபதி டங்கன் இறந்தார். மூன்று பட்டாலியன்களின் தளபதிகளும் இறந்தார்கள். அந்த பிரிகேட் மறுபடி எழவே இல்லை. மிஞ்சிய இந்தியர்களும் ஆஸ்திரேலியர்களும் பாரிட் சூலோங் பாலம் வரைக்கும் போராடி வந்தார்கள். பாலத்தில் ஜப்பானியர்கள் வழியை அடைத்துவிட்டார்கள். நடக்க முடிந்தவர்கள் சதுப்புக்குள் இறங்கித் தப்பினார்கள். நடக்க முடியாத காயம்பட்டவர்களை அங்கேயே விட வேண்டியதாயிற்று. ஜனவரி 22 அன்று அவர்களை ஜப்பானியர்கள் கொன்றார்கள். சுமார் 110 ஆஸ்திரேலியர்கள், அவர்களோடு சுமார் 40 இந்தியர்கள். பாத்து பகாட் போகிற வழியில் நாம் எத்தனையோ தடவை காரில் கடந்து போகிற ஊர்தான் அது.

அடுத்த வாரமே லாயாங் லாயாங். குளுவாங்குக்கும் கூலாய்க்கும் நடுவில், ரயில் பாதை ஓரம். 22-ஆவது இந்திய பிரிகேட் மற்ற படைகளிலிருந்து துண்டிக்கப்பட்டுக் காட்டுக்குள் சிக்கியது. அவர்களைத் தேடிப் போன 9-ஆவது இந்திய டிவிஷன் தளபதி மேஜர் ஜெனரல் பார்ஸ்டோ ஜனவரி 28 அன்று கொல்லப்பட்டார். ஜனவரி 31-ல் ஜொகூர் பாலத்தைத் தகர்த்துவிட்டார்கள். பிரிகேட்டில் மிஞ்சியவர்களில் பெரும்பாலோர் நீரிணைக் கரையை எட்டவே இல்லை.

இவர்களில் அதிகம் பேர் தமிழர்கள் இல்லை. கர்வால் மலையிலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் வந்தவர்கள். மூவாரில் அவர்களுக்கு ஒரு அக்கா தங்கச்சி இல்லை, திதி கொடுக்க ஒரு பிள்ளை இல்லை. ஆனால் நடுகல் முறைப்படி பார்த்தால், கல் நடுவது எந்த மண்ணுக்காகச் செத்தானோ அந்த ஊரின் கடமை. அப்படிப் பார்த்தால் அந்த ஊர் நாம்தான்.

அவர்களுக்குக் கல் இருக்கிறது. பாலம் கடந்து உட்லண்ட்ஸ் தாண்டினால் கிராஞ்சி. உடல் கிடைக்காத 24,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களை அங்குள்ள நினைவுச் சின்னத்தின் தூண்களில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அதற்குப் பின்னால் தனியாக ஒரு தகன நினைவிடமும் உண்டு. தங்கள் மத வழக்கப்படி எரியூட்டப்பட்ட ஏறக்குறைய 800 பேருக்கானது, பெரும்பாலும் இந்தியப் படையினர். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற நம்ம பிள்ளைகள் தினமும் அந்தப் பக்கம்தான் பஸ்ஸில் போகிறார்கள். ஒரு நாள் இறங்கிப் பாருங்க. சிங்கும் கானும் ராமும் ஒரே வரிசையில், ஒரே அளவு எழுத்தில் இருப்பார்கள்.

இனி இரண்டாவது கூட்டம். இவர்கள் நம்ம வீட்டுப் பிள்ளைகள்.

சிங்கப்பூர் விழுந்த பிறகு இந்திய தேசிய ராணுவம் பிறந்தது. 1943 ஜூலையில் நேதாஜி வந்தார். சரணடைந்த சிப்பாய்களோடு, மலாயாவின் தோட்டங்களிலிருந்தும் பட்டணங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கான சாதாரண மக்கள் சேர்ந்தார்கள். நேற்று வரைக்கும் கித்தா மரம் சீவியவர்கள் துப்பாக்கி ஏந்தினார்கள். பெண்களுக்கென்று கேப்டன் லட்சுமி தலைமையில் ஜான்சி ராணிப் படை. அதில் சேர்ந்தவர்களில் பலர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள்.

கோயில் தொண்டர்கள் நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்கிற ஒரு சம்பவம் உண்டு. சிங்கப்பூர் டேங்க் ரோடு செட்டியார் கோயிலுக்கு நேதாஜியை அழைத்தார்கள். எல்லா சாதியாரும் எல்லா மதத்தாரும் உள்ளே வரலாம் என்றால்தான் வருவேன் என்றார் அவர். கோயிலார் ஒத்துக்கொண்டார்கள். ஆபித் ஹசன் உட்பட முஸ்லிம் அதிகாரிகளும் அவரோடு உள்ளே போனார்கள். பட்டாளத்துக்காரனைக் கோயில் எப்படி வரவேற்க வேண்டும் என்பதற்கு 80 வருஷத்துக்கு முன்னாடியே நமக்கு உதாரணம் இருக்கிறது.

இவர்களுக்கு நட்ட கல்லின் கதை வேறு. 1945 ஜூலை 8-ல் சிங்கப்பூர் எஸ்பிளனேடில் ஐ.என்.ஏ. நினைவுச் சின்னத்துக்கு நேதாஜி அடிக்கல் நாட்டினார். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்ற பொருளில் மூன்று உருதுச் சொற்களை அதில் பொறித்தார்கள். செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார் அதை இடித்துத் தள்ளினார்கள். கல் நின்றது இரண்டு மாதம்கூட இருக்காது. ஐம்பது வருஷம் கழித்து, 1995-ல், அதே இடத்தில் சிங்கப்பூர் தேசிய மரபுடைமைக் கழகம் ஓர் அடையாளச் சின்னம் வைத்தது. அதற்கு அங்குள்ள இந்தியச் சமூகமும் நிதி கொடுத்தது. அரசாங்கம் இடித்த கல்லைச் சமூகம் விட்டுவிடவில்லை என்பது இதில் நாம் கவனிக்க வேண்டியது.

கல் திரும்பி வந்தது சரி, உதிரப்பட்டி? சுதந்திர இந்தியா ஐ.என்.ஏ. சிப்பாய்களைத் தன் ராணுவத்தில் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1972-ல்தான் மத்திய அரசு தியாகிகள் பென்ஷன் திட்டம் கொண்டுவந்தது. ஐ.என்.ஏ.காரர்களும் அதில் உண்டு. ஆனால் ஆதாரம் காட்ட வேண்டும். சிறையில் இருந்ததற்குச் சான்று, கூட இருந்தவரின் சாட்சி. வெள்ளைக்காரன் திரும்பி வந்த 1945-ல் "நான் ஐ.என்.ஏ." என்று சொல்லும் காகிதத்தை லயத்து வீட்டில் பத்திரமாக வைத்திருக்க எத்தனை பேருக்குத் தைரியம் வந்திருக்கும்? ஜானகி ஆதி நாகப்பனுக்கு 2000-ல் இந்திய அரசு பத்மஸ்ரீ கொடுத்தது. ஜான்சி ராணிப் படைக்கே கிடைத்த பெருமை, நமக்கும் சந்தோஷம். அதே படையில் இருந்துவிட்டு மறுபடி பால்வாளியைத் தூக்கிய பெண்கள் எந்தப் பட்டியலிலும் ஏறாமலே போய்ச் சேர்ந்தார்கள். காகிதம் இல்லாத தியாகத்துக்கு எந்த ஆபீஸிலும் கணக்கு இல்லைங்க.

மூன்றாவது கூட்டம் இன்னும் நம்மோடு இருக்கிறது. மலேசிய ஆயுதப்படையில் வேலை பார்த்தவர்கள்.

1964-ல் இந்தோனேசியாவோடு மோதல். ஆகஸ்ட் 17-ல் பொந்தியான் கரையில் ஆட்கள் இறங்கினார்கள். செப்டம்பர் 2-ல் லாபிஸ் பக்கம் பாராசூட்டில் குதித்தார்கள். தோட்டப்புறத்து மக்கள் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்த காலம் அது. அந்தக் காலத்திலும் அதற்குப் பிறகு எல்லைக் காட்டுச் சண்டைகளிலும் நம்ம பிள்ளைகள் சீருடை போட்டிருந்தார்கள். 1967-ல் 31 வயதில் கடற்படைத் தளபதியானவர் தனபாலசிங்கம். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் மலேசியர் ஒரு தமிழர். இதை மேடையில் சொல்லிக் கைதட்டுகிறோம், தட்டத்தான் வேண்டும். ஆனால் லான்ஸ் கார்ப்பரலாக, டிரைவராக, சமையல்காரராக, சிக்னல் ஆளாக இருந்துவிட்டு வந்தவர் நம்ம தாமானில் பக்கத்து வீட்டில் இருக்கிறார். அவர் பெயர் நமக்குத் தெரியுமா?

சாதாரண சிப்பாய்க்குப் பென்ஷன் வேண்டுமென்றால் 21 வருஷம் சேவை முடித்திருக்க வேண்டும். பத்து, பதினஞ்சு வருஷத்தில் வெளியே வந்தவர்களுக்கு மாதாமாதம் பென்ஷன் கிடையாது. இந்தப் பிரச்சினை எல்லா இனத்தாருக்கும் உண்டு. அவர்களுக்கென்று ஜே.எச்.இ.வி. என்கிற முன்னாள் படைவீரர் விவகாரத் துறை இருக்கிறது. 2012-ல் நாடாளுமன்றம் முன்னாள் படைவீரர் சட்டமும் இயற்றியது. உதவித் திட்டங்கள் இருக்கின்றன, ஆனால் முதல் படி பதிவு. பதிவு இல்லாதவரைத் துறை தேடிக்கொண்டு வராது. எழுபது வயசில், மலாய் பாரத்தைப் பார்த்து மலைத்துப்போய், "விடுப்பா, இத்தனை நாள் ஓட்டியாச்சு" என்று ஒதுங்கிவிடுகிறவர்கள்தான் அதிகம். கை நீட்டக் கூச்சம். பட்டாளத்துக்காரனுக்கு அந்த ரோஷம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

இங்கேதான் கோயிலுக்கு வேலை இருக்கிறது என்று நாங்கள் நம்புகிறோம். பென்ஷன் கொடுப்பது அரசாங்கத்தின் வேலை. அதை வாங்க ஒரு மனிதனைக் கைப்பிடித்து அழைத்துப் போவது ஊரின் வேலை. வருஷத்துக்கு ஒரு நாள் மாலை போட்டுப் போட்டோ எடுத்து ஏற்றிவிட்டு, மறுநாள் அவர் மருந்து வாங்க யோசித்து நின்றால், நாம் பாதிக் கடனைத்தான் அடைத்திருக்கிறோம்.

அதனால் இந்த வருஷம் அர்ச்சனை, அன்னதானத்தோடு மூன்று வேலைகளை எடுத்திருக்கிறோம்.

ஒன்று, ஞாயிறு காலை பூஜை முடிந்ததும் மண்டபத்தில் மேசை போட்டு உட்காருவோம். பாரம் நிரப்ப, கடிதம் எழுத, துறைக்குக் காரில் அழைத்துப் போக இளைஞர்கள் இருக்கிறார்கள். காசு எதுவும் வேண்டாம். தமிழர், மலாய்க்காரர், சீனர் யாராக இருந்தாலும் வரலாம். கணவரை இழந்த அம்மாக்களும் வந்து கேளுங்கள்.

இரண்டு, பெயர்ப் புத்தகம். நம்ம வட்டாரத்தில் எந்தச் சீருடை போட்டவராக இருந்தாலும், இருப்பவர், இறந்தவர் எல்லோருடைய பெயரையும், படைப்பிரிவையும், ஊரையும் எழுதி வைக்கிறோம். தாத்தா ஐ.என்.ஏ.வில் இருந்தார், பாட்டி ஜான்சி ராணிப் படையில் இருந்தார் என்று வீட்டில் பேச்சு இருந்தால், ஆதாரம் இல்லையே என்று தயங்காதீங்க. கேட்டதைச் சொல்லுங்க, கேட்டபடி என்றே குறித்துக்கொள்வோம்.

மூன்று, நவம்பரில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கிராஞ்சி போகிறோம். மூவாரிலும் லாயாங் லாயாங்கிலும் செத்தவர்களின் பெயர்களை ஒவ்வொரு பிள்ளையும் வாய்விட்டு வாசிக்கட்டும்.

வரும்போது கொண்டு வர வேண்டியவை: ஐசி, சேவை முடித்த சான்றிதழ், பழைய போட்டோ, மெடல், எது இருந்தாலும் சரி. ஒன்றுமே இல்லை என்றாலும் வாங்க. படைப்பிரிவு பெயரும் சேர்ந்த வருஷமும் ஞாபகம் இருந்தால் தேடத் தொடங்கலாம்.

உங்க தெருவில் அப்படி ஒரு ஐயா இருந்தால், அவருக்கு வாட்ஸ்அப்பில் இந்தப் பதிவை அனுப்பிவிட்டு விட்டுவிடாதீங்க. நேரில் போய், "ஐயா, ஞாயிற்றுக்கிழமை நானே வந்து கூட்டிட்டுப் போறேன்"னு சொல்லுங்க. சாப்பாடு பன்னிரண்டு மணிக்கு.