சலுகையா, உரிமையா?

1983 ஜூலைக் கலவரத்தில் வீடிழந்த ஈழத் தமிழர் பலர் கடல் கடந்து மண்டபத்தில் கரையேறினர். அங்கிருந்து பல மாவட்டத்து முகாம்களுக்கும் அனுப்பப்பட்டனர். கோயில் நகராம் திருவண்ணாமலையை ஒட்டிய பகுதியும் அவர்களுக்கு இடமளித்தது. தமிழக அரசு அவர்தம் பிள்ளைகளுக்குத் தன் பள்ளிகளைத் திறந்துவிட்டது. தொழிற்கல்விக் கல்லூரிகளிலும் இடம் ஒதுக்கியது. போற்றத்தக்க செயல்!

ஆனால் 1991 மே மாதம் ராஜீவ் காந்தி படுகொலை செய்யப்பட்டார். அக்கொடுமைக்கும் முகாம்களில் பயின்ற சிறாருக்கும் யாதொரு தொடர்புமில்லை. எனினும் பள்ளிச் சேர்க்கை மறுக்கப்பட்டது. கல்லூரி ஒதுக்கீடும் பறிக்கப்பட்டது. அவ்வொதுக்கீடு 1996இல்தான் மீண்டது. அரசுக்கு ஐந்தாண்டு சிறிது. மேனிலைப் படிப்பை முடித்துக் காத்திருந்த மாணவனுக்கோ அதுவே வாழ்வு.

இதே வினா அமெரிக்காவிலும் எழுந்ததுண்டு. அனுமதியின்றிக் குடியேறியோரின் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவை அடைக்க டெக்சாஸ் மாநிலம் 1975இல் சட்டம் செய்தது. 1982இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், நால்வர் மறுக்க ஐவர் இசைந்து, அது செல்லாதென்றது. பெற்றோர் செயலுக்குப் பிள்ளையைத் தண்டித்தல் நீதியன்று என்பதே தீர்ப்பின் சாரம்.

நம் அரசியலமைப்பிலும் 2002ஆம் ஆண்டுத் திருத்தம் 6 முதல் 14 வயது வரை கல்வியை அடிப்படை உரிமையாக்கிற்று. அங்குள்ள சொல் 'குடிமக்கள்' அன்று, 'குழந்தைகள்' என்பதே. 2009ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வடிவம் தந்தது.

எனினும் பதினான்கு வயதுக்குப் பின், அகதிப் பிள்ளையின் படிப்பு இன்றும் அரசாணையின் கருணையையே நம்பியிருக்கிறது. கொடுத்த கை எடுத்துக்கொள்ளவும் கூடும் என்பதை 1991 காட்டிற்று. எடுக்கவியலாததன்றோ உரிமை!