தட்டை அடி கொண்ட கப்பல்

டன்கர்க்கில் கனரகத் தளவாடங்களை எல்லாம் விட்டுவிட்டுத் திரும்பிய பிரிட்டனுக்கு, டாங்கிகளை எதிரியின் கரையிலேயே கொண்டுபோய் இறக்கும் கப்பல் தேவைப்பட்டது. பெருங்கடலைத் தாண்டக் கப்பல் நீரில் நன்றாக அமிழ்ந்திருக்க வேண்டும். மணலில் ஏற வேண்டுமானால் அதிகம் அமிழக் கூடாது. பிரிட்டன் உதவி கேட்க, அமெரிக்கக் கடற்படையின் வடிவமைப்பாளர் ஜான் நீடர்மெயர் 1941 நவம்பரில் இதற்கு வழி கண்டார். கடலில் போகும்போது தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிக் கொள்வது, கரை நெருங்கியதும் இறைத்துவிடுவது. எளிய யோசனைதான், ஆனால் போரின் போக்கையே மாற்றிய யோசனை.

அப்படி ஆயிரத்துக்கும் மேல் கட்டப்பட்ட எல்.எஸ்.டி (டாங்கி இறக்கும் கப்பல்) வகைக் கப்பல்களில் ஒன்று எல்.எஸ்.டி-325. 1942 அக்டோபரில் பிலடெல்பியாவில் நீரில் இறங்கியது. 328 அடி நீளம், 50 அடி அகலம், தட்டையான அடி.

இந்த வகைக் கப்பல் கரையேறும் விதமே தனி. கரைக்குச் சற்று முன்பே பின்புற நங்கூரத்தைப் போட்டுவிட்டு, வடத்தை நீளவிட்டபடி முன்னேறும். அணியம் மணலில் உரசி நின்றதும் இரண்டு பெரிய கதவுகள் விரியும், சாய்தளம் இறங்கும், டாங்கிகள் வரிசையாக உருண்டு வெளியேறும். திரும்பும்போது வின்ச் அந்த வடத்தைச் சுருட்டி இழுக்க, எஞ்சின்கள் பின்னோக்கி ஓட, கப்பல் மணலிலிருந்து விடுபடும்.

325 சிசிலியிலும் சலேர்னோவிலும் படைகளை இறக்கியது. 1944 ஜூன் 7 அன்று நார்மண்டியின் ஒமாஹா கடற்கரைக்கு எதிரே நின்று ஆட்களையும் வண்டிகளையும் சிறு படகுகளுக்கு மாற்றிவிட்டது. பிறகு பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே நடையாய் நடந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 28 அன்று, ஆங்கிலக் கால்வாயில் மூழ்கிய 'எம்பயர் ஜாவலின்' கப்பலிலிருந்து சுமார் 700 பேரைக் காப்பாற்றியதில் இதற்கும் பங்குண்டு. அதன் போர்க்காலத்தில் மிகவும் பெருமைப்பட வேண்டிய நாள் அதுவே என்பேன்.

1946இல் ஓய்வு. 1950களில் வடதுருவப் பகுதியின் ரேடார் நிலையங்களுக்குப் பொருள் சுமந்தது. 1964இல் கிரேக்கக் கடற்படைக்குப் போய் 'சைரோஸ்' என்ற பெயரில் 1999 வரை உழைத்தது.

அதன் பிறகு நடந்ததுதான் அபூர்வம். பழைய எல்.எஸ்.டி மாலுமிகள் அது நின்றிருந்த கிரீட் தீவுக்குப் போய்த் தங்கள் கையாலேயே அதைப் பழுதுபார்த்தார்கள். சராசரி வயது 72. ராபர்ட் ஜார்ன்லின் தலைமையில், குளிர்காலத்து அட்லாண்டிக்கைக் கடக்கக் கிளம்பினார்கள். தட்டை அடிக் கப்பல் அலையைக் கிழித்துப் போகாது. அலைமேல் ஏறி விழும், பக்கவாட்டில் உருளும். இளைஞர்களையே வாட்டும் பயணம் அது. 2001 ஜனவரி 10 அன்று அலபாமாவின் மொபீல் துறைமுகத்தில் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

கடலில் அவ்வளவு தொல்லை தந்த அதே அடிதான் ஆற்றில் கைகொடுக்கிறது. 2005 முதல் அதன் இருப்பிடம் ஓஹியோ ஆற்றங்கரையிலுள்ள எவன்ஸ்வில். கடலே தெரியாத இந்த ஊரின் கட்டுந்தளம் போரின்போது 167 எல்.எஸ்.டிகளைக் கட்டிக் கடலுக்கு அனுப்பியது. 325 அங்கே அருங்காட்சியகமாக நின்றாலும், இன்னும் தன் எஞ்சின்களின் பலத்திலேயே ஓஹியோ, மிசிசிப்பி ஆறுகளில் பயணம் போய் வருகிறது.