முதலை வேட்டைக்காரரும் உலகின் சிறுவரும்

சிறுவர் உள்ளம் ஒருவரை வியந்து போற்றத் தொடங்கினால், அவ்வியப்பு வெறும் பொழுதுபோக்காக நின்றுவிடுவதில்லை. அவர் நடக்கும் நடையையும் பேசும் பேச்சையும் முதலிலே பின்பற்றும் சிறுவன், நாளடைவில் அவர் எதனை நேசித்தாரோ அதனையே தானும் நேசிக்கக் கற்றுக்கொள்கின்றான். முன்னாளில் இவ்வியப்புக்கு உரியோராய் இருந்தவர் அரசரும் படைத்தலைவரும் புராண வீரருமே. தொலைக்காட்சி வீடுகளுக்குள் நுழைந்த பின்னர், காட்டு விலங்குகளைக் காட்டி விளக்குவோரும் அவ்வரிசையிலே இடம்பெறலாயினர். அவர்களுள் தம் குடும்பம் முழுவதையும் உலகச் சிறுவருக்கு உறவினராக்கிய பெருமை அவுஸ்திரேலியரான ஸ்டீவ் இர்வின் என்பவரையே சாரும்.

இத்துறையில் இர்வினுக்கு முன்னோடிகள் பலர் உளர். 1954ஆம் ஆண்டிலே பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தொலைக்காட்சியில் டேவிட் அட்டன்பரோ விலங்குலகை அறிமுகஞ் செய்யத் தொடங்கினார். ஐக்கிய அமெரிக்காவிலே மார்லின் பேர்கின்ஸ் அதே பணியைச் செய்தார். 1970களின் பிற்பகுதியில் அவுஸ்திரேலிய மக்களைத் தம் நாட்டுக் காடுகளுக்கு அழைத்துச் சென்றவர் ஹரி பட்லர். இவர்கள் பெரும்பாலும் ஆசிரியரின் நிலையிலே நின்றவர்கள். குரலைத் தாழ்த்தி, விலங்கினின்றும் சற்று விலகி நின்று, நிதானமாகப் பொருளை விளக்கினர். இர்வினோ அதற்கு நேர்மாறானவர். காக்கி நிறக் காற்சட்டையும் மேற்சட்டையும் அணிந்து, உரத்த குரலிலே வியப்பொலி எழுப்பி, நச்சுப் பாம்பின் எதிரே மண்ணிற் படுத்துக்கொண்டு, அதன் அழகைக் கண்டு களிப்பவராக அவர் தோன்றினார். அவரிடம் ஒரு சிறுவனின் வியப்பே குடிகொண்டிருந்தது. அதனாலேயே சிறுவர் அவரைத் தம்முள் ஒருவராகக் கொண்டனர்.

அவ்வியப்பு அவருக்கு வந்த வழியை அறிதல் வேண்டும். ஸ்டீவ் இர்வின் 1962ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆந் திகதி மெல்பேண் நகரை அடுத்த பகுதியொன்றிற் பிறந்தார். தந்தையார் பொப் இர்வின், நீர்க்குழாய் பொருத்தும் தொழிலைச் செய்தவர்; ஊர்வனவற்றிலே பேரார்வம் உடையவர். தாயார் லின் இர்வின், செவிலித் தொழில் பயின்றவர். தாயை இழந்த கங்காருக் குட்டிகளையும் காயமுற்ற விலங்குகளையும் வீட்டிலே வைத்துப் பேணியவர். ஆறாவது பிறந்தநாளன்று மகனுக்குப் பெற்றோர் அளித்த பரிசு ஒரு மலைப்பாம்பு. 1970ஆம் ஆண்டிலே குடும்பம் வடக்கே குயின்ஸ்லாந்து மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பீர்வா என்னும் சிற்றூரில் நான்கு ஏக்கர் நிலத்திலே ஊர்வனவற்றுக்கான சிறு பூங்காவொன்றினைப் பெற்றோர் அமைத்தனர். அச்சிறு பூங்காவே பிற்காலத்தில் 'அவுஸ்திரேலியா விலங்ககம்' எனப் பெயர் பெற்று விரிவடைந்தது. ஒன்பதாவது வயதிலே தந்தையின் மேற்பார்வையில் முதன்முதலாக ஒரு முதலையைப் பிடித்தான் அச்சிறுவன். உலகின் சிறுவர் ஸ்டீவை வியந்தது போலவே, ஸ்டீவ் தம் தந்தையை வியந்து வளர்ந்தவர் என்பது இதனால் விளங்கும்.

அக்காலத்து அவுஸ்திரேலியாவில் முதலையின் நிலை இரங்கத்தக்கதாயிருந்தது. இந்தியா, இலங்கை முதலிய நாடுகளின் கரைகள் தொடக்கம் அவுஸ்திரேலியாவின் வடகரை வரை பரந்து வாழும் உவர்நீர் முதலை, இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அங்கே தோலுக்காகப் பெருந்தொகையிற் சுடப்பட்டது. பல ஆறுகளிலே அஃது ஏறக்குறைய அற்றுப்போகும் நிலையை அடைந்தது. குயின்ஸ்லாந்திலே 1974ஆம் ஆண்டிற்றான் சட்டம் அதற்குப் பாதுகாப்பளித்தது. பாதுகாப்பின் பயனாக முதலைகள் பெருகவே, மனிதர் வாழும் இடங்களை அவை அணுகலாயின. 1980களில் அரசாங்கம் அத்தகைய முதலைகளைச் சுட்டுக் கொல்லாது உயிருடன் பிடித்து அகற்றும் திட்டமொன்றினை நடத்தியது. அத்திட்டத்திலே ஊதியம் பெறாத தொண்டராகப் பணியாற்றியவர் ஸ்டீவ் இர்வின். படகிலே நாயொன்றினை மட்டும் துணையாகக் கொண்டு சேற்று ஆறுகளில் நெடுநாட்கள் தங்கி, பொறிவைத்து முதலைகளைப் பிடித்தார். 'முதலை வேட்டைக்காரர்' என்னும் பெயரின் உட்பொருள் இதுவே. கொல்வதற்கன்றிக் காப்பதற்காக வேட்டையாடியவர் அவர்.

1991ஆம் ஆண்டிலே பூங்காவின் பொறுப்பு ஸ்டீவிடம் வந்தது. அதே ஆண்டில் அங்கு வந்த பார்வையாளருள் ஒருவர், ஐக்கிய அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ரெறி என்னும் மங்கை. தம் நாட்டிலே காயமுற்ற காட்டு விலங்குகளைப் பேணும் பணியில் அவர் ஏற்கெனவே ஈடுபட்டிருந்தார். 1992ஆம் ஆண்டு யூன் மாதத்தில் இருவரும் மணம் புரிந்தனர். மணமக்கள் தேனிலவுக்கெனச் செலவிட வேண்டிய நாட்களை முதலை பிடிப்பதிற் செலவிட்டனர். அதனைத் தயாரிப்பாளர் யோன் ஸ்டெயின்டன் படமாக்கினார். அப்படமே 'முதலை வேட்டைக்காரர்' என்னும் தொடர் நிகழ்ச்சியின் தொடக்கமாயிற்று. 1996 முதல் ஒளிபரப்பான அத்தொடர் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளைச் சென்றடைந்தது. 1998இல் மகள் பின்டியும் 2003இல் மகன் றொபேட்டும் பிறந்தனர். மகளுக்குப் பின்டி என்று பெயரிடப்பட்டது பூங்காவிலிருந்த முதலை ஒன்றின் பெயரைக் கொண்டேயாம். இவ்வாறு கணவன், மனைவி, மக்கள் யாவரும் விலங்குகளின் நடுவே வாழும் காட்சியைத் தொலைதூர நாடுகளிலிருந்த சிறுவர் வாரந்தோறும் கண்டனர். அத்தகைய வீட்டிலே தாமும் பிறந்திருக்கலாகாதா என ஏங்கிய சிறுவர் பலர்.

புகழுடன் கண்டனமும் வந்தது. விலங்குகளை இத்துணை நெருங்குவதும் தொட்டுப் பிடிப்பதும் அவற்றுக்குத் தொல்லை தருவன என்று சிலர் குறைகூறினர். அவரைக் கண்டு சிறுவரும் பாம்பைப் பிடிக்க முற்படுவர் என்று வேறு சிலர் அஞ்சினர். 2004ஆம் ஆண்டு சனவரி 2ஆந் திகதி, பிறந்து ஒரு மாதமேயான மகனை ஒரு கையில் அணைத்தபடி மறுகையால் முதலைக்கு அவர் இறைச்சி ஊட்டிய காட்சி பெரும் பரபரப்பை உண்டாக்கியது. குழந்தைக்கு ஆபத்து எதுவும் நேரவில்லை, வழக்கும் தொடரப்படவில்லை. ஆயினும் சிறுவரை முதலைக் கூடங்களுக்குள் கொண்டுசெல்வதைத் தடுக்கும் விதிகளைக் குயின்ஸ்லாந்து அரசு பின்னர் வகுத்தது. போற்றப்படுவோரும் குறையுடைய மனிதரே என்னும் உண்மையைச் சிறுவர் பலர் அன்று முதன்முறையாக உணர்ந்திருத்தல் கூடும்.

2006ஆம் ஆண்டு செத்தெம்பர் 4ஆந் திகதி அவரது வாழ்வு முடிவெய்தியது. குயின்ஸ்லாந்தின் வடகரையிலே போட் டக்ளஸ் பட்டினத்துக்கு அப்பாலுள்ள பட் பவளப்பாறையில், கடலின் கொடிய உயிரினங்களைப் பற்றிய படமொன்றிற்காக அவர் சென்றிருந்தார். காலநிலை சீராக இல்லாமையால் அப்படத்தின் வேலை தடைப்பட்டது. அந்த இடைவேளையில், மகளின் நிகழ்ச்சிக்குப் பயன்படும் காட்சிகளை எடுப்பதற்காக ஆழமற்ற நீரில் அவர் இறங்கினார். அங்கே திருக்கை ஒன்றின் வால்முள் மார்பிலே பாய்ந்து அவர் உயிரைப் போக்கியது. அப்போது அவருக்கு வயது 44. திருக்கை வாலின் வன்மையைக் கரையோர மக்கள் நன்கறிவர். எனினும் அம்மீன் தானாக மனிதரைத் தேடித் தாக்குவதில்லை என்பதையும் அவர்கள் அறிவர். முதலையின் வாயினின்றும் எத்தனையோ முறை தப்பியவர், சாதுவான மீனொன்றினால் மாண்டார் என்ற செய்தியை உலகம் நம்ப மறுத்தது.

அரசமரியாதையுடன் இறுதிச் சடங்கு நடத்த அரசாங்கம் முன்வந்தது. தம் மகன் சாதாரண மனிதனாகவே நினைக்கப்பட விரும்புவான் என்று கூறித் தந்தையார் பொப் அதனை ஏற்கவில்லை. செத்தெம்பர் 20ஆந் திகதி விலங்ககத்தின் அரங்கிலே நடந்த நினைவுக் கூட்டத்தில் பிரதமர் யோன் ஹவார்ட் பேசினார். ஆயினும் மக்கள் நினைவில் நின்றது எட்டு வயதுச் சிறுமி பின்டியின் பேச்சே. தந்தையே தன் வீரர் எனவும், அவர் விட்டுச்சென்ற பணியைத் தான் தொடரப் போவதாகவும் தளராத குரலில் அவள் கூறினாள். அதனைத் தொலைக்காட்சியிற் கண்ட பிற நாட்டுச் சிறுவர், தம்மை ஒத்த ஒருத்தி தந்தையை இழந்து நிற்பதையே கண்டனர்.

அதே நாட்களில் வேறொன்றும் நிகழ்ந்தது. குயின்ஸ்லாந்துக் கடற்கரைகளிலே திருக்கைகள் பல இறந்து கிடந்தன. அவற்றுட் சிலவற்றின் வால்கள் வெட்டப்பட்டிருந்தன. பழிவாங்கும் எண்ணத்தால் இது செய்யப்பட்டிருக்கலாம் எனப் பலரும் கருதினர். இர்வினின் நண்பர்களே முன்வந்து இச்செயலை வன்மையாகக் கண்டித்தனர். வெறுக்கப்பட்ட உயிர்களை வெறுக்காதீர் என்று வாழ்நாள் முழுதும் கூறியவரின் பெயரால், ஓருயிரை வெறுத்து வதைத்தல் எத்துணை முரண்பாடு! ஒருவரைப் போற்றுதல் வேறு. அவர் போற்றியதைப் போற்றுதல் வேறு. முன்னையது மட்டும் இருந்து பின்னையது இல்லையெனில், அப்போற்றுதல் போற்றப்பட்டவருக்கே பகையாய் முடியும்.

பின்னையது பயனளித்தமைக்கும் சான்றுகள் உள. இர்வினும் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்து அறிஞரும் முதலைகளின் உடலிலே செய்மதிக் கருவிகளைப் பொருத்தி அவற்றின் நடமாட்டத்தை ஆராய்ந்தனர். வேற்றிடத்திற் கொண்டுபோய் விடப்பட்ட முதலையொன்று கேப் யோர்க் குடாநாட்டின் முனையைச் சுற்றி, 20 நாட்களில் 400 கிலோமீற்றருக்கு மேல் நீந்தித் தன் பழைய ஆற்றை அடைந்தது. அவரது பெயரும் இடம்பெற்ற அவ்வாராய்ச்சிக் கட்டுரை 2007இல், அவர் மறைந்த பின்னர் வெளியாயிற்று. முதலையை இடம்மாற்றிவிட்டாற் போதும் என்னும் பழைய நம்பிக்கையை அது அசைத்தது. அதே ஆண்டில் வென்லொக் ஆற்றுப் பகுதியிலே ஏறக்குறைய 135,000 ஹெக்டேயர் நிலம் அவர் பெயரால் வனவிலங்குக் காப்பகமாக்கப்பட்டது. அலுமினியத்துக்கு மூலமான பொக்சைட்டு மண்ணை அங்கே அகழ்ந்தெடுக்க நிறுவனமொன்று முயன்றபோது, பல நாடுகளிலுமிருந்து பெருந்தொகையானோர் எதிர்ப்பு மனுவிற் கையொப்பமிட்டனர். 2013இல் அப்பகுதிக்கு அரசாங்கம் பாதுகாப்பளித்தது. தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்த சிறுவரின் வியப்பு, வளர்ந்தோரின் கையொப்பமாக மாறிய கதை இது.

தாயார் ரெறியும் மக்கள் இருவரும் விலங்ககத்தை நடத்திவருகின்றனர். 2000ஆம் ஆண்டிலே வீதி விபத்தில் மறைந்த லின் அம்மையாரின் நினைவாக, 2004இல் அங்கே தொடங்கப்பட்ட விலங்கு மருத்துவமனையும் தொண்டாற்றி வருகின்றது. தந்தையை இழந்த வேளையில் மூன்று வயதும் நிரம்பாதிருந்த றொபேட், பழைய படங்களின் வாயிலாகவே அவரைப் பெரிதும் அறிந்தவர். 2019இல், தந்தை உணவூட்டிய அதே முதலைக்கு அதே இடத்தில் நின்று தாம் உணவூட்டும் படத்தை அவர் வெளியிட்டார். உலகின் பிற சிறுவர் எவ்வாறு தொலைக்காட்சியினூடாக ஸ்டீவ் இர்வினைக் கற்றனரோ, அவ்வாறே அவருடைய மகனும் கற்றார். வளர்ந்த பின் அச்சிறுவருட் சிலர் விலங்கு மருத்துவராயினர், சிலர் ஆராய்ச்சியாளராயினர், பலர் வேறு தொழில்களிற் புகுந்தனர். வீட்டு முற்றத்திலே பாம்பைக் கண்டவுடன் தடியைத் தேடாது, அது தன் வழியே செல்லும்வரை பொறுத்து நிற்கும் ஒருவர் அவர்களுள் இருப்பாராயின், அவரும் அப்பாடத்தைச் சரியாகக் கற்ற மாணவரே ஆவர்.