கலாய், முலாம், தூண்டில்: உலோகப் பூச்சின் சிறு வரலாறு

தூண்டிற்கோலில் உலோகத்தின் பங்கு சிறியது. முள், கோலின் துண்டுகளை இணைக்கும் பூண், நரம்பு ஓடும் வளையங்கள், நரம்பைச் சுற்றும் உருளை என்ற அளவில் அது முடிந்துவிடும. ஆயினும் இச்சிறு உறுப்புகளின் மேற்பூச்சு மூன்று பணிகளைச் செய்ய வேண்டியிருந்தது: துருவைத் தடுத்தல், மீனின் கண்ணுக்கு மறைத்தல், வாங்குவோரின் கண்ணைக் கவர்தல். இவற்றுள் பின்னிரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை. பளபளப்பது விற்கும், பளபளப்பதைக் கண்டால் மீன் விலகும்.

மீனின் அச்சத்தைத் தமிழ் இலக்கியம் முன்பே கவனித்திருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் பாண்மகனின் மூங்கிற்கோலும் கயிறும் வளைந்த இரும்பு முள்ளும் இடம்பெறுகின்றன. இரையைக் கவ்வித் தப்பிய வாளை, பின்னர் நீரருகே நிற்கும் பிரம்பின் அசையும் நிழலுக்கும் அஞ்சுகிறது. நிழலே அச்சுறுத்துமெனில், வெயிலில் மின்னும் பித்தளை எவ்வளவு அச்சுறுத்தும்?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் உற்பத்தியாளர்கள் இவ்வினாவுக்கு வேதியியலால் விடை தேடினர். சென்னை மாகாண ஆட்சிப்பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், மகசீர் மீன்பிடிப்பை முதன்மைப்படுத்தி ‘தி ராட் இன் இந்தியா’ என்னும் நூலை 1873இல் வெளியிட்டார். அக்காலத்தில் இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு வந்த கருவிகளில் பித்தளையே மிகுதி. 1891இல் விற்பனைக்கு வந்த ஹார்டி நிறுவனத்தின் ‘பெர்ஃபெக்ட்’ உருளையும் தொடக்கத்தில் பித்தளையால் ஆனதே. அத்தகைய உருளைகளை வேதிக் கரைசலால் பழுப்பாக்கி ஒளி எதிரொலிப்பைக் குறைத்தனர். இது மெல்லிய பூச்சு. கைபட்ட இடங்களில் தேய்ந்து பித்தளை மீண்டும் வெளிப்படும். எஃகு உறுப்புகளை ஏறத்தாழ 300 பாகை செல்சியசுக்குச் சூடாக்கினால் நீலநிற ஆக்சைடு படலம் உண்டாகும். அது அழகானது, ஆனால் எண்ணெய் தடவாவிடில் துருவைத் தடுக்காது. எனவே நன்னீர் முட்களுக்குக் கருநிற அரக்குப் பூச்சும், கடல் முட்களுக்கு வெள்ளீயப் பூச்சும் வழக்காயின.

இந்தியப் பருவமழை பித்தளைக்கு வேறொரு சோதனையையும் வைத்திருந்தது. ஆங்கிலேயப் படையினர் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் சேமித்த பித்தளைத் தோட்டா உறைகள் தாமாகவே விரிசல் கண்டன. விலங்குக் கழிவிலிருந்து எழும் அம்மோனியா, ஈரம், உலோகத்தை இழுத்து உருவாக்கியபோது அதனுள் தங்கிய இறுக்கம் ஆகியவை சேர்ந்து இதை விளைவித்தன என்பதை மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகியோர் 1921இல் விளக்கினர். இழுத்து உருவாக்கிய பித்தளைப் பூணுக்கும் இவ்விதி பொருந்தும். இங்கே மேற்பூச்சால் மட்டும் பயனில்லை. உலோகத்தை மிதமாகச் சூடாக்கி உள்ளிறுக்கத்தைத் தளர்த்துவதே தீர்வு.

இனிச் சொற்களுக்கு வருவோம். செம்பு, பித்தளைப் பாத்திரங்களுக்கு வெள்ளீயம் பூசுவதை நாம் ‘கலாய் பூசுதல்’ என்கிறோம். இன்றைய கேலிச்சொல்லோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டா. வெள்ளீயத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லே இதன் மூலம். அவ்வரபுச் சொல், மலாய்த் தீபகற்பத்தின் ‘கலஹ்’ என்னும் துறைமுகப் பெயரிலிருந்து வந்தது என்பது பரவலான கருத்து. அத்துறைமுகத்தை நம் கடாரத்தோடு இணைத்துக் காண்போரும் உளர். அவ்வாறாயின், கீழைக்கடலில் ஈயம் ஏற்றிய ஊரின் பெயர் மேலைக்கடல் சென்று, பூச்சின் பெயராக நம்மிடம் திரும்பியிருக்கிறது. ‘முலாம்’ என்பதும் அரபு மூலத்தை உடையது. உருது வழியாகத் தமிழுக்கு வந்தது.

நான் வசிக்கும் நியூ டவுனிலும் ‘கலாய்’ வழங்குகிறது. வங்காளத்தில் அது ஈயப் பூச்சோடு எனாமல் பூச்சையும் குறிக்கும். தூண்டிற்கோலுக்கு வங்காளிகள் ‘சிப்’ என்னும் தம் சொல்லையே காத்துவர, உருளை மட்டும் ஆங்கிலச் சக்கரமாகிய ‘ஹுயில்’ என்னும் பெயரோடு வந்து சேர்ந்தது. கோல் அவர்கள் கையில் பிறந்தது. உருளை கடையில் வாங்கப்பட்டது. பெயர்கள் அவ்வேறுபாட்டைப் பதிந்து வைத்திருக்கின்றன.

குரோமியப் பூச்சு 1920களில் வணிகத்துக்கு வந்தது. அலுமினியத்தின் மேற்பரப்பை மின்னாற்றலால் ஆக்சைடாக்கும் முறை 1923இல் கடல் விமான உறுப்புகளைக் காக்கத் தோன்றிப் பின்னர் தூண்டில் உருளைகளையும் அடைந்தது. உப்பைத் தாங்கும் படலமே விரும்பிய நிறத்தையும் ஏற்றதால், காப்பும் அழகும் ஒரே பூச்சில் சேர்ந்தன. ஆனால் இம்முறைகளுக்கு மக்கள் வழக்கில் தனிப்பெயர் அமையவில்லை. எல்லாமே ‘கோட்டிங்’ ஆகிவிட்டன. தெருவில் உலை மூட்டிக் கலாய் பூசியவர் மறைந்தபோது, எப்பொருளுக்கு எப்பூச்சு என்று பிரித்தறிந்த சொற்களும் உடன் தேய்கின்றன. பொருள் அருங்காட்சியகத்தில் எஞ்சலாம். செய்முறைச் சொல்லை எழுதி வைத்தாலன்றி எஞ்சாது.

கடலோர ஊர்களைச் சேர்ந்த நண்பர்கள், தூண்டில் முள்ளின் நிறத்துக்கும் பூச்சுக்கும் தம் ஊரில் வழங்கும் சொற்களை, ஊர்ப்பெயரோடு கீழே பதிவிட வேண்டுகிறேன்.